உரிமத்தை முழுசாகப் படித்த டீச்சர்

பழைய லேப்டாப்களில் கட்டற்ற இயங்குதளம் போட்டுக் கொடுப்பதுதான் போடியில் என் பிழைப்பு. யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுவிட்டது. சொல்லி முடித்ததும் பார்த்தால் வைஃபை வேலை செய்யாது. வைஃபைக்கான சில்லை, அதாவது சிப்பை, இயக்கும் குட்டி நிரல் மட்டும் சில்லைச் செய்த கம்பெனியின் சொத்து. அதை இயங்குதளத்தோடு சேர்த்து நான் கொடுக்கக் கூடாது. வேண்டியவர் தானே இறக்கி, உரிமத்தில் உள்ள நிபந்தனைகளுக்கு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அமுக்க வேண்டும். இலவசம்தான், ஆனால் கைமாற்றக் கூடாது. “இது என்னய்யா கூத்து?” என்று ஏலக்காய் வியாபாரிகள் கேட்பார்கள். கேட்டுவிட்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் அமுக்கிவிட்டுப் போவார்கள்.

ஒரு சாயங்காலம் மலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தின் தற்காலிக டீச்சர் தன் பழைய லேப்டாப்போடு வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு அவருக்கு ஆன்லைன் பரீட்சை. எழுதித் தேறினால்தான் வேலை நிலைக்கும். மேலே எஸ்டேட் ஆபீஸ் வைஃபையை விட்டால் வேறு கதியில்லை. பரீட்சை எழுதும் இடத்தில் செல்போன் இருக்கக் கூடாது என்பதால் அதிலிருந்து நெட் எடுக்கவும் வழியில்லை. என் கடையில் கம்பி இணைப்பு உண்டு. இயங்குதளத்தைப் போட்டு முடித்து, கம்பியை மாட்டி, நிரலை இறக்கும் பக்கத்தைத் திறந்து, “அமுக்குங்க டீச்சர்” என்றேன்.

அவர் படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலிருந்து, விரல் வைத்து.

வெளியே மலைக்குப் போகும் கடைசி ஜீப்பு. “டீச்சர், வெரசா வாங்க, லோடு ஏத்தியாச்சு!” என்று டிரைவர் கத்தினார்.

“அண்ணே, பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்க மாட்டேன்னு ஒத்துக்கிடணுமாமே?”

“ஆமா. கொடுக்காதீங்க, அவ்வளவுதானே?”

“பள்ளிக்கூடத்துல இதே மாதிரி நாலு லேப்டாப்பு சும்மா கெடக்கு. பிள்ளைங்களுக்கு இதைப் போட்டுக் கொடுக்கணும்னுதான் இருக்கேன்.”

“ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா இறக்கிக்கிடுங்க.”

“இது இருந்தாத்தானே அதுல நெட்டே வரும்? பள்ளிக்கூடத்துச் சாமானைக் கீழே கொண்டாரவும் விட மாட்டாங்கண்ணே.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. “ஊரே படிக்காமத்தான் அமுக்குது. ஊரோட ஒத்துப்போங்க டீச்சர்.”

“கொடுக்கப் போறேன்னு தெரிஞ்சுக்கிட்டே, கொடுக்க மாட்டேன்னு எப்படிண்ணே சொல்றது? காலையில முதல் ஜீப்புல எறங்கி இங்கேயே எழுதிர்றேன். கம்பி இருக்குல்ல?”

ராத்திரி தங்கிவிடுங்கள் என்றேன். வீட்டில் கைப்பிள்ளை என்றார். லேப்டாப்பை மூடிக்கொண்டு ஓடினார்.

அன்று இரவு மலையில் நல்ல மழை. சாலையில் மரம் விழுந்து ஜீப்புகள் நின்றுவிட்டன. எட்டு மணிக்கே கடையைத் திறந்து, கம்பியை இழுத்து மேசைமேல் வைத்துக் காத்திருந்தேன். டீச்சர் வந்தபோது பதினொன்று. சேலைக் கரையெல்லாம் சேறு, பாதி வழி நடந்திருந்தார். கம்பியைச் செருகிப் பக்கத்தைத் திறந்தோம். நேரம் முடிந்துவிட்டது என்று இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. கம்பெனிமேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, அதற்குக் காதா இருக்கிறது? டீச்சர்மேல்தான் வந்தது. ஒரு தடவை அமுக்கித் தொலைத்திருக்கலாமே என்று வாய்வரை வந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

“இது இங்கேயே இருக்கட்டும்ணே. எனக்குப் பதிலா வர்ற டீச்சருக்குக் கொடுங்க. அவுங்களைப் படிக்க விடாதீங்க.”