மாடி வீட்டு அக்கா மேல் போட்ட பழி

போன வருஷம் மழைக்காலம் தொடங்கிய சமயம். காரைக்காலில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில்தான் அது நடந்தது.

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு சோயா ஒத்துக்கொள்ளாது. ஒரு கல்யாண வீட்டில் பிரியாணியில் கிடந்த மீல்மேக்கரைத் தின்று முகமெல்லாம் வீங்கியபோதுதான் எங்களுக்கே அது தெரிந்தது. பிறகு மீல்மேக்கர், சோயா சாஸ் இரண்டையும் வீட்டுக்குள் விடவில்லை. அதுவே போதும் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு அம்பகரத்தூரில் வேலை. நான் பஸ் பிடித்துத் திரும்பும்வரை, பள்ளி விட்டு வரும் மகளை மாடி வீட்டு அக்காதான் பார்த்துக்கொள்வார். பிள்ளைகள் பிரான்சில் குடியேறிவிட, அவர் மட்டும் தனியாக இருந்தார். என் மகள் என்றால் அவருக்கு உயிர்.

அன்று நான் பஸ்ஸில் வரும்போது போன் செய்தார். "பாப்பாவுக்கு உதடெல்லாம் வீங்கிப்போச்சும்மா, மூச்சு இழுக்குது. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். நேரா அங்க வந்துடுங்க."

நான் போனபோது மகளுக்கு ஊசி போட்டு, மாஸ்க் வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் அக்கா செருப்புகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தும் என் மனம் இளகவில்லை.

"என்னத்தக்கா குடுத்தீங்க? உங்க புள்ளையா இருந்தா இப்படி விடுவீங்களா?"

"நான் ஒண்ணும் குடுக்கலம்மா. மதியம் ஸ்கூல்ல சாப்பிடாம டப்பாவுல திருப்பிக் கொண்டாந்த சப்பாத்தியத்தான் சாப்பிட்டா."

"அது நான் சுட்டது. அதுல என்ன இருக்கப் போவுது?" என்று கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எழுந்து போய்விட்டார்.

சப்பாத்தி என்றதும் டாக்டர் அந்த மாவு பாக்கெட்டைக் கேட்டார். கணவர் வீட்டிலிருந்து எடுத்துவந்தார். சத்து அதிகம் என்று வாங்கி, அன்றுதான் முதல்முறையாகப் பிரித்த பலதானிய மாவு. முன்பக்கம் இருந்த கோதுமைக் கதிர் படத்தைப் பார்த்தேனே தவிர, பின்பக்கம் திருப்பவில்லை. டாக்டர் அங்கே பொடி எழுத்தில் விரல் வைத்துக் காட்டினார்: சோயா மாவு.

"கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டம். உடனே தூக்கிட்டு வந்தாங்க பாருங்க, அதனால தப்பிச்சுது" என்றார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

மகளை வீட்டுக்கு அழைத்துவந்த கையோடு மாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கும்போதே அழுதுவிட்டேன். அக்கா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா இனிமே பாப்பாவ எங்கிட்ட விடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

இப்போதெல்லாம் பிஸ்கட், ரொட்டி, சாக்லேட் எதையும் பின்பக்கம் படிக்காமல் நான் வாங்குவதில்லை. மகள் சாயங்காலம் வேறொரு வீட்டில் இருக்கிறாள். படியில் எதிர்ப்பட்டால் அக்கா இன்றும் சிரிக்கத்தான் செய்கிறார். என் பிள்ளையைக் காப்பாற்றியவரை அத்தனை பேர் முன்னால் குற்றவாளியாக நிறுத்தியதை நினைத்து, பதிலுக்குச் சிரிக்க முடியாமல் நான்தான் கூனிக்குறுகிப் போகிறேன்.