என்ஜினுக்குக் கற்பூரம்

அந்தப் படகை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அதை வாங்கிய என் தங்கையின் கணவரை அதற்கு முன்பிருந்தே பிடிக்காது. யாரோ ஓட்டித் தேய்த்த பழைய படகு. நடுவில் ஒரு சின்ன அறை, பின்னால் மூடி போட்ட பெட்ரோல் என்ஜின். கிள்ளான் ஆற்றோரப் படகுத்துறை ஜெட்டியில் கட்டிக் கிடந்தது. மாப்பிள்ளை அதற்காகக் கறுப்புக் கண்ணாடி வாங்கினார், தொப்பி வாங்கினார். எந்தச் சுவிட்ச் எதற்கு என்று பார்க்க மட்டும் அவருக்கு நேரமில்லை.

"மச்சான், நீங்கதானே ஏர்கோன் ரிப்பேர் செய்றீங்க, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க லா" என்று, ஏசி மெக்கானிக்கான என் தலையில் கட்டிவிட்டார்.

நான் இருக்கும் பிரிக்பீல்ட்சிலிருந்து ரயிலேறிப் போய் அந்தச் சனியனோடு மல்லுக்கட்டினேன். பழைய முதலாளி சுவிட்சுகளுக்கு மேலே சீனத்தில் எழுதி வைத்திருந்தார். அதுவும் பாதி அழிந்திருந்தது. ஒன்றைத் தட்டினால் ஹார்ன் அலறியது. இன்னொன்றைத் தட்டினால், அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஓடி, இறைத்த தண்ணீரை என் காலிலேயே கொட்டியது. மூன்றாவதற்குச் சத்தமே இல்லை. அதன் வயரைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போனேன். என்ஜின் மூடிக்குக் கீழே, பெட்ரோல் ஆவியை வெளியே தள்ள வேண்டிய காற்றாடி செத்துக் கிடந்தது. பக்கத்தில் பெட்ரோல் குழாயின் மூட்டு கசிந்துகொண்டிருந்தது. அந்த ஆவி மேலே போகாது, படகின் அடியிலேயே தங்கிவிடும். ஒரு பொறி போதும்.

அன்றைக்கே சொன்னேன். "மாப்பிள்ள, இத மாத்துற வரைக்கும் இங்க யாரும் நெருப்பே பத்த வைக்கக்கூடாது."

"நான் எத வாங்கினாலும் உங்களுக்குக் குறைதான்" என்றார்.

அடுத்த ஞாயிறு, மாற்றிவிட்டார்களா என்று பார்க்கப் போனால் ஜெட்டியில் தோரணம்! புதுக் காருக்குச் செய்வதுபோலப் படகுக்குப் பூசை. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பூசாரி கையில் நாலு எலுமிச்சம்பழத்தோடு விழித்துக்கொண்டிருந்தார். கார் என்றால் டயருக்கு அடியில் வைக்கலாம். இதற்குச் சக்கரம் ஏது? மாப்பிள்ளைதான் தீர்ப்புச் சொன்னார்: "என்ஜின்தான சாமி எல்லாம்? அதுக்கே காட்டுங்க. ராகு காலம் வந்துரும்."

சொல்லிவிட்டு மூடியைத் தூக்கினார். பெட்ரோல் நெடி ஜெட்டி வரைக்கும் வந்தது. பூசாரி அதற்குள் தட்டில் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். என் தங்கை பூத்தட்டோடு அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். அதற்கு ஒரே வாசல், அதுவும் என்ஜின் பக்கம்; ஏதாவது ஆனால் அவளால் வெளியே வர முடியாது.

"வேணாம்!" என்று கத்தினேன். பூசாரி காதில் விழவில்லை, மணி அடித்துக்கொண்டே குனிந்தார். படகுக்குள் குதித்து, எரியும் கற்பூரத்தோடு தட்டைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தேன்.

மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்தார். "வயித்தெரிச்சல்யா உனக்கு!" என்றார். அதுவரை 'நீங்க'தான். நானும் சும்மா இருக்கவில்லை. எழுத முடியாத வார்த்தைகள் எல்லாம் வந்தன. பூசாரி தட்சணைகூட வாங்காமல் நடையைக் கட்டினார். தங்கை அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான்.

சில வாரம் கழித்துப் போன் செய்தாள். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டானாம். குழாயும் காற்றாடியும் புதிதாகப் போட்டாயிற்று.

"நாளைக்கு மறுபடியும் பூச வச்சிருக்கோம். நீ வராதண்ணே."

"நான் சொன்னது சரின்னு ஆயிருச்சுல்ல?"

"சரிதான். அதுக்காக சாமிக்குக் காட்டுற தட்டத் தூக்கி ஆத்துல எறிவியா? இனிமே எங்க நல்லது கெட்டது எதுலயும் உன் கை பட வேணாம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் நிறுத்தவில்லை. கல்யாணத்தன்று நான் முறைத்துக்கொண்டு நின்றதிலிருந்து ஆரம்பித்து, மூச்சு விடாமல் திட்டினாள். திட்டுவதற்காவது உயிரோடு இருக்கிறாளே என்று, அவள் குரலைக் கேட்டுக்கொண்டு, போனை வைக்காமலே நின்றிருந்தேன்.