ஆன்டி என்றதற்கு ஒரு நட்சத்திரம்

புருவம் எடுக்கும் வேலையில் நூலைப் பல்லில் கடித்திருக்கும்வரை வம்பில்லை. நூலை விட்டுவிட்டு இங்கிலீஷ் பேச வாயைத் திறந்தால்தான் ஆபத்து.

என்னைப் போல மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பார்லருக்கு இப்போது வெள்ளைக்காரிகளும் வருகிறார்கள்.

உட்காருங்க ஆன்டி

முதலில் வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். நரைத்த தலை, பெரிய கைப்பை. "கம் ஆன்டி, சிட்" என்றேன், மரியாதையாகத்தான். இங்கே மீன்காரர் முதல் டாக்ஸிக்காரர்வரை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்? அவள் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கே இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டாள். வேலை சுத்தமாம், ஆனால் தன்னைக் கிழவி என்று சொல்லிவிட்டார்களாம். முதலாளி ஷாலினிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அக்கா, இன்னொரு தடவ இப்படி வந்துச்சு, ஒங்கள பின்னால துண்டு தொவைக்கப் போட்டுடுவேன்லா."

சாப்பிட்டாச்சா

ஆன்டியை விட்டுவிட்டேன். ஆனால் வந்த ஆளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எப்படிப் புருவத்தில் கை வைப்பது? வெள்ளைக்காரச் சின்னப் பெண் ஒருத்தி நாற்காலியில் சாய்ந்ததும், "ஆல்ரெடி ஈட்?" என்றேன். நாம் எல்லாரையும் கேட்பதுதான், பதிலைக் காதில்கூட வாங்குவதில்லை. அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். ஷாலினி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் கண்முன்னே ஈரத் துண்டுகள் மலைபோலக் குவிந்தன. அந்தப் பெண் பயந்துபோய் இங்கிலீஷில் கேட்டது இதுதான்:

"ஐயோ, வெறும் வயித்தோட வந்திருக்கணுமா?"

திரும்பி வந்தவள்

சில மாதம் கழித்து, அந்த நரைத்த தலைக்காரி மறுபடியும் வந்தாள். "மெடம், ப்ளீஸ், மெடம்" என்று வார்த்தைக்கு வார்த்தை மெடம் போட்டேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "என்ன ஆச்சு, ஆன்டி எங்கே?" என்றாள். பாசாரில் காய்கறிக்காரர்கள் எல்லாரும் அவளை ஆன்டி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அப்படிக் கூப்பிடுகிறவர்கள்தான் கறிவேப்பிலை சும்மா தருகிறார்களாம். மெடம் என்கிறவன் விலையை ஏற்றுகிறானாம்.

போன கையோடு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டாள்: 'இங்கே ஆன்டியைக் கேளுங்கள்.' இந்தத் தடவை ஆன்டி என்றது என்னை.

அடுத்த நாள் மூன்று பெண்கள் போனும் கையுமாக வந்தார்கள். எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள். நேராகக் கல்லாவுக்குப் போய், ஷாலினியைப் பார்த்துச் சிரித்து, "ஆன்டி?" என்றார்கள். அவள் முகம் சிவந்ததைப் பார்க்க வேண்டுமே!

"அக்கா, இந்த நாற்காலி ஒங்களுக்குத்தான், துண்டு தொவைக்கவெல்லாம் போக வேணாம். அந்த ஆன்டி நான் இல்லன்னு மட்டும் நீங்களே சொல்லிடுங்கலா!"

நம் இங்கிலீஷை நாம் திருத்திக்கொள்வதற்குள், திருத்த வந்தவர்கள் அதைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.