பீட்ரூட் போஸ்டரில் விட்டுப்போன வரி

"மேடம், உங்க பேஷன்ட் ஒருத்தங்க பொட்டாசியம் எகிறிப்போய் வந்திருக்காங்க. நீங்க டயட் சொன்னீங்களா, இல்லையா?"

சிறுநீரகப் பிரிவு டாக்டர் போனில் இப்படிக் கேட்டபோது நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மயிலாப்பூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக எனக்கு அது இருபத்திரண்டாவது வருடம். சொன்னேனா இல்லையா என்று கேட்டால் எரிச்சல் வராதா?

ஐ.சி.யூ.வில் படுத்திருந்தவர் பிலோமினா அக்கா. சாந்தோம் குப்பத்தில் மீன் விற்பவர். சர்க்கரையால் கிட்னி பாதிக்கப்பட்டிருந்தது. டயாலிசிஸ் வரைக்கும் போயிருக்கவில்லை. மூன்று மாதம் முன்பு நானே உட்கார்ந்து டயட் சார்ட் எழுதிக் கொடுத்தேன். இளநீர் கூடாது. வாழைப்பழம் கூடாது. கிழங்கு சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால், தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். பச்சையாக ஜூஸ் போட்டால் எதுவும் போகாது, மொத்தமும் உள்ளே இறங்கும். கிட்னியால் அதை வெளியே தள்ள முடியாவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். அக்காவுக்கு அதுதான் நடந்திருந்தது. ஈ.சி.ஜி. பார்த்ததும் அவசரமாக டயாலிசிஸ் போட்டிருந்தார்கள்.

மதியம் அவர் கண் திறந்து பேசினார்.

"என்னக்கா சாப்பிட்டீங்க?"

"பீட்ரூட்டு, கேரட்டு ஜூஸும்மா. டெய்லி காலீல ஒரு சொம்பு. சாயங்காலம் சக்கரவள்ளிக் கெயங்கு."

"யாருக்கா இதெல்லாம் சாப்பிடச் சொன்னது?"

"இன்னாம்மா இப்டி கேக்குற? நீதாம்மா சொன்ன."

பக்கத்தில் நின்ற அவர் மகள் ஸ்டெல்லா போனை எடுத்து நீட்டினாள். எங்கள் மருத்துவமனை போஸ்டர். மேலே 'கிழங்குகளில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்'. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன், கேரட்டின் பீட்டா கரோட்டின், ஊதாச் சர்க்கரைவள்ளியின் ஆந்தோசயனின், கூடவே நார்ச்சத்து, பொட்டாசியம். எல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான். ஓரத்தில் என் சிரித்த முகம்.

"எங்க ஏரியா குரூப்ல வந்துச்சு மேடம்," என்றாள் ஸ்டெல்லா. "சார்ட்ல வேணாம்னு இருக்கு, இதுல நல்லதுன்னு இருக்கு. ரெண்டுமே உங்களுது. அப்போ புதுசா வந்ததத்தான கேக்கணும்?"

போனை வாங்கி, போஸ்டரின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நான் எழுதிக் கொடுத்ததில் கடைசி வரி ஒன்று இருந்தது: 'கிட்னி பிரச்சினை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது, டாக்டரைக் கேளுங்கள்.' அச்சுக்குப் போகும் முன் எங்கள் மார்க்கெட்டிங் அதிகாரி அதை எடுத்துவிட்டார். "இடம் இல்ல மேடம். அதுவும் நெகட்டிவா இருக்கு" என்றார். பத்து நிமிஷம் சண்டை போட்டேன். ஓ.பி.யில் நோயாளிகள் காத்திருந்ததால், "என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஐ.சி.யூ.விலிருந்து நேராக மார்க்கெட்டிங் அதிகாரியின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் லேப்டாப்பைத் திருப்பி, போஸ்டரை எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற கணக்கைக் காட்டினார்.

"ஆனா மேடம், இந்த வருஷம் நம்மளோட பெஸ்ட் போஸ்டர் இதுதான்."

"அந்தம்மா ஐ.சி.யூ.ல இருக்காங்க சார்."

"கரெக்‌ஷன் போடலாம். அப்ரூவலுக்கு அனுப்பறேன். ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரத்தில் இன்னும் எத்தனை வீட்டில் மிக்ஸி ஓடுமோ! அவரிடம் வாயைக் கொடுப்பது வீண் என்று ஐ.சி.யூ.வுக்கே திரும்பினேன். வரியை எடுத்த கதையை அக்காவிடம் சொன்னேன். "அக்கா, ஒரு உதவி. நீங்களே உங்க குரூப்ல சொல்றீங்களா?" என்று கேட்டேன். மறுநாள் வார்டுக்கு மாற்றியதும் அவர் ஸ்டெல்லாவின் போனை வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார்:

"நான் பிலோமினா பேசறேன். கிட்னி கோளாறு கீறவங்க யாரும் அந்த பீட்ரூட்டு ஜூஸ குடிக்காதீங்க. நான் குட்ச்சிட்டு ஆஸ்பத்திரில பட்த்துக்கினு கீறேன். அந்த டாக்டரம்மா மேல தப்பில்ல, அது எய்துனதுல பாதிதான் போட்டாங்களாம்."

பாதியை மட்டும் போட விட்டது தப்பில்லை என்று அவர் சொல்லலாம். நான் சொல்ல முடியாது.

அந்த வாரமே அதே குப்பத்திலிருந்து இரண்டு பேர் ஓ.பி.க்கு வந்தார்கள். இருவருக்கும் கிட்னி கோளாறு; இருவரும் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர்கள். ரத்தப் பரிசோதனை செய்து நேரத்தோடு நிறுத்தினோம். அப்ரூவல் வந்த கரெக்‌ஷன் போஸ்டரில் என் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது. அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பிலோமினா அக்கா அடுத்த மாதம் செக்கப்புக்கு வந்தபோது பொட்டாசியம் இறங்கியிருந்தது. "வேகவெச்சி தண்ணியக் கொட்டுனா செவப்பெல்லாம் பூடுதேம்மா," என்றார். உண்மைதான். பீட்டாலைனும் தண்ணீரோடுதான் போகும். அவர் உடம்புக்கு அது போனால் பரவாயில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காய் நல்லது என்று எழுதும் அதே தாளில், அது யாருக்கு ஆகாது என்றும் எழுதுங்கள். அந்த வரியை எடுக்கச் சொன்னால், உங்கள் பெயரையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். வெளியே ஓ.பி. காத்திருந்தால் காத்திருக்கட்டும்.