பன்னிரண்டு இட்லிப்பூச் செடிகள்

இன்பராஜ் எங்கள் பள்ளிக்குத் தோட்டக்காரராக வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அதற்கு முன் முப்பத்தோரு வருஷம் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தோல் பதப்படுத்தும் டிரம் ஓட்டியவர். செடி வளர்த்த அனுபவம் உண்டா என்று தலைமையாசிரியை பூர்ணிமா கேட்டதற்கு, "இல்ல மேடம், ஆனா கத்துக்குவேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே வேலை கொடுத்ததாகப் பூர்ணிமா பிறகு என்னிடம் சொன்னார்.

வாசலிலிருந்து அலுவலகம் வரை பன்னிரண்டு இட்லிப்பூச் செடிகள் வரிசையாக நின்றன. குட்டை ரகம், முழங்கால் உயரம்தான். வருஷம் முழுக்கப் பச்சையாக இருந்து, கொத்துக் கொத்தாய்ச் சிவப்பாகப் பூக்க வேண்டியவை, நரம்பு மட்டும் பச்சையும் மீதி மஞ்சளுமாக, காமாலை கண்டவை போல நின்றன. ஒருநாள் தாளாளர் வந்து பார்த்தார்.

"பிப்ரவரியில ஆண்டு விழா. அதுக்குள்ள பூக்கலன்னா புடுங்கிட்டு டைல்ஸ் ஒட்டிடலாம். அப்புறம் தோட்டக்காரரும் தேவைப்படாது" என்று, இன்பராஜை எதிரில் வைத்துக்கொண்டே பூர்ணிமாவிடம் சொன்னார். ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி அப்படிப் பேசக் கூடாதென்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லித்தருகிறோம். தாளாளருக்கு யார் சொல்லித்தருவது?

அந்த வேலை இன்பராஜுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். மதியம் வேப்பமரத்தடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொல்லுவார்: "முப்பது வருஷமா ஈரத்துலயே நின்னுட்டேன் டீச்சர். இப்பதான் சாயந்திரம் காஞ்ச காலோட ஊட்டுக்குப் போறேன். எம் பொண்டாட்டி மெர்சி நம்பவே மாட்டேங்குது."

நான் வேதியியல் ஆசிரியை. தெரிந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். "இந்தச் செடிக்குப் புளிப்பு மண்ணு வேணும். இங்க சுண்ணாம்பு ஜாஸ்தி. கொஞ்சம் ஆசிட் குணம் ஏறினா தேறிடும்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஆசிட் என்றால் இன்பராஜுக்குப் புதுசா? பழைய தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த தௌசீப் அகமதுவிடம் போய், பிக்கிள் தண்ணீரை ஒரு கேனில் வாங்கி வந்து, முதல் மூன்று செடிகளுக்கு ஊற்றிவிட்டார். டிரம்மில் தோலுக்குப் புளிப்பேற்றுகிற தண்ணீர் அது. ஆனால் தோல் உப்பிவிடாமல் இருக்க அதில் கறியுப்பையும் அள்ளிக் கொட்டியிருப்பார்கள். தன் கையாலேயே மூட்டை மூட்டையாகக் கொட்டியவருக்கு அந்த உப்பு ஞாபகமே வரவில்லை. பத்தாவது நாள் மூன்றும் கருகிவிட்டன.

ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார். "கொன்னுட்டேன் டீச்சர். உப்ப மறந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. பாதி அவர்மேல், பாதி அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போன என்மேல். பி.எச். தாளை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். பாத்தியைச் சுற்றிய செங்கல் ஓரத்து மண்ணில்தான் சுண்ணாம்பு அதிகம் என்று தெரிந்தது. காரணம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் அந்தச் செங்கல்லுக்கு வெள்ளையடித்து, மிச்சச் சுண்ணாம்பைச் செடியடியிலேயே கவிழ்த்துவிட்டுப் போவது எங்கள் பள்ளியின் வழக்கம்.

செத்த மூன்றையும் இன்பராஜ் உப்பு மண்ணோடு தோண்டி எடுத்துப் போட்டார். மீதி ஒன்பதுக்கும் வேர் அலுங்காமல் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒடுகத்தூர் மலையடிவாரத்துச் செம்மண்ணையும் மக்கிய இலையையும் கலந்து போட்டார். சுண்ணாம்பு கலந்த போர் தண்ணீரை நிறுத்தி, மாடியிலிருந்து வடியும் மழைத் தண்ணீரைப் பேரலில் பிடித்து ஊற்றினார். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி உப்பு வாங்கி வர நான் சொன்னதும் பதறிவிட்டார்.

"மறுபடியும் உப்பா? ஆள விடுங்க டீச்சர்!"

அது இரும்புச் சத்து, சிட்டிகைதான் போடுவோம் என்று அவரை நம்பவைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

நவம்பரில் புதுத் தளிர் கரும்பச்சையாக வந்தது. ஜனவரியில் சுண்ணாம்பு வாளியோடு ஆள் வந்தபோது இன்பராஜ் குறுக்கே நின்றார். "இன்னாண்ணே, வருஷா வருஷம் அடிக்கிறதுதானே?" என்றார் வந்தவர். "இந்த வருஷம் செங்கல்லு செவப்பாவே இருக்கட்டும்பா" என்று இன்பராஜ் வாளியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிப்ரவரியில் ஒன்பதும் பூத்தன. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வாசலையொட்டி மூன்று இடம் பொக்கையாகத் தெரிந்தது. "நர்சரியில பூவோடயே கெடைக்குது. மூணு வாங்கி வெச்சிடலாமே?" என்றேன்.

"வேணாம் டீச்சர். கேட்டா நான் பொய் சொல்லணும்."

விழா அன்று தாளாளர் நேராக அங்கேதான் வந்து நின்றார். "ஏன் மூணு எடம் காலி?"

"நான்தான் சார் கொன்னுட்டேன். தப்பான தண்ணி ஊத்திட்டேன்" என்றார் இன்பராஜ். என் பங்கையும் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் தாளாளர் குனிந்து ஒரு பூங்கொத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"புதுக் கன்னு வெச்சா, இதுங்களோட சமமா வர்றதுக்கு எத்தனை வருஷம் ஆகும்?"

"நல்லா பாத்துக்கிட்டா ரெண்டு வருஷம் சார்."

"அப்போ நீங்க ரெண்டு வருஷம் இருந்தே ஆகணும்."

மேடையில் பாட்டு ஆரம்பித்தபோது இன்பராஜ், விழாவுக்கென்று போட்டுவந்த வெள்ளைச் சட்டையோடு முதல் குழியைத் தோண்டிக்கொண்டிருந்தார்.