குருணையில் விழுந்த எறும்புப் பொடி

எங்கள் தெருக் குருவிகளைக் கொன்றது நீங்கள்தான், குடியிருப்போர் சங்கச் செயலாளரே. பழியைப் பிள்ளைகள் மேல் போட்டதும் நீங்கள்தான்.

நான் பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருப்பவன். கோடை விடுமுறையில் என் மகளும் தெருப் பிள்ளைகளும் குருவிக்குத் தீனி வைக்க வேண்டும் என்று என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். கடையில் கிடந்த கொட்டாங்குச்சிகளில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளை போட்டுக் கொடுத்தேன். அவர்கள் சணல் கோத்து வேப்பமரத்தில் கட்டினார்கள். சீரகச் சம்பா சலிக்கும்போது கழியும் குருணைதான் தீனி. குருவி வந்தது, அணில் வந்தது. ஓர் ஆணியைக்கூடத் தொடாத நீங்களும் சலவைச் சட்டையோடு வந்தீர்கள். பிள்ளைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் நின்று படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள்.

பிறகு எறும்பு வந்தது. குருணை சிந்தினால் எறும்பு வராமல் யானையா வரும்? மரத்தை ஒட்டிய உங்கள் புதுச் சுவரில் கறுப்பாகக் கோடு விழுந்ததும் உங்கள் பறவைப் பாசம் தீர்ந்துபோனது.

ஒரு நாள் காலையில் மரத்தடியில் குருவிகள் விறைத்துக் கிடந்தன. கொட்டாங்குச்சியை இறக்கிப் பார்த்தேன். குருணை மேல் வெள்ளைப் பொடி, மூக்கை அடைக்கும் மருந்து வாடை. நேராக உங்கள் வாசலுக்கு வந்தேன்.

“எறும்புப் பொடி பாய். சணல்ல தூவுனேன், லேசா உள்ளயும் விழுந்திருக்கும். எறும்புக்குன்னு வாங்குனது குருவிய என்ன செய்யும்?”

“டப்பாவுல எறும்பு படம் போட்டிருந்தா குருவிக்கு விலக்கா சார்? அம்புட்டு நம்பிக்கைன்னா உங்க சோத்துல ஒரு கரண்டி தூவிச் சாப்டுங்க.”

கதவைச் சாத்திக்கொண்டீர்கள். மதியம் குழுவில் எழுதினீர்கள்: பிள்ளைகள் வைத்த கெட்டுப்போன குருணையால் குருவிகள் இறந்தன, இனி யாரும் தீனி வைக்கக் கூடாது.

கடையிலிருந்து குருணையை எடுத்துப்போய்ப் போட்டவள் என்பதால், அன்றிலிருந்து என் மகளைக் கூட்டாளிகள் “குருவிக் கொலகாரி” என்கிறார்கள்.

“அத்தா, நான் போட்டதுலயா செத்துச்சு?”

“இல்லம்மா. அந்த ஆளு மருந்து தூவுனாரு.”

“சும்மா சொல்லாதீங்கத்தா. அவரு செயலாளரு, பொய்யா எழுதுவாரு?”

அத்தா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். உங்கள் வாயால் கேட்டால்தான் நம்புவாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மைக் கிடைத்தால் விடமாட்டீர்கள், தெரியும். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். உங்கள் வாசலில் என்னிடம் சொன்னதை அங்கே சொல்லுங்கள். குருணையில் மருந்தைப் போட்டது யார்?