பேர் வராத சிலம்பாயி

போன வாரம் இருமலுக்கு மருந்து வாங்க கம்போங் ராஜாவில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த பெட்டி மலாயில் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. என் சீட்டில் ஐம்பத்து மூன்று. நம்மை நம்பராக்கிவிட்டார்களே என்று பக்கத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். எனக்கென்னவோ அந்தப் பெட்டியைப் பிடித்துத்தான் இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கிழித்த கிழி அப்படி.

மண் சரிந்த வருஷம் எனக்கு இருபத்திரண்டு வயது. வேறொரு கிளினிக்கில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. விடாத மழையில் தேயிலை மேடு இறங்கி, மேலே ஒரு எஸ்டேட்டில் இரண்டு லைன் வீடுகளைக் கொண்டுபோய்விட்டது. ஈப்போவிலிருந்து வந்த டாக்டர் குழு தமிழ் தெரிந்த ஆள் கேட்டது. நான்தான் முதலில் கை தூக்கினேன். அவர்கள் கொடுத்த ஆரஞ்சுச் சட்டை எனக்கு முழங்கால் வரை தொங்கியது. உலகத்தையே தூக்கி நிறுத்தப் போகிறவள் மாதிரி லோரியில் ஏறினேன்.

எஸ்டேட் பள்ளி மண்டபம் முழுக்கக் காயம் கழுவும் மருந்தும் ஈர மண்ணும் கலந்த வாடை. இன்றைக்கும் அந்த மருந்து வாடை வந்தால் கால் நனைந்துவிட்டதா என்று குனிந்து பார்ப்பேன். வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது, அதுதான் வினை. நானும் தோட்டத்தில் பிறந்தவள், பெரட்டு தெரியும். விடியற்காலையில் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். பேர் வந்தால்தான் அன்றைக்கு வேலை. எஸ்டேட் கணக்கெழுதும் கிராணியிடம் அந்தப் பெரட்டு லிஸ்ட்டை வாங்கி வந்து உரக்கப் படித்தேன். கூட்டம் கப்சிப். ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். டாக்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மோசமானவர்களை ஏற்றிக்கொண்டு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஃபோர் வீல் வண்டி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனது. லிஸ்ட் முடிந்து, ஃபைலை மூடிவிட்டு, சோற்றுப் பொட்டலத்தைத் தேடினேன். கடைசி பெஞ்சில் ஓர் அம்மா, காலில் கைலித் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க பேரு கூப்ட்டேனாம்மா?"

"வரல பாப்பா. நா ரிட்டையர் ஆயிட்டேன்ல, கிராணி பேர வெட்டிட்டாரு. கடைசில கூப்டுவீங்கன்னு குந்தியிருக்கேன். சிலம்பாயி."

துணியைப் பிரித்தேன். மூன்று நாளைக்கு முன் தகரம் கிழித்த பாதம், விரல்கள் கறுத்திருந்தன. இனிப்புநீர் வேறு, சர்க்கரை ஏறிய உடம்பு. காலை எட்டு மணியிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார்.

"வாயத் தொறந்து கேக்க வேணாமா?" என்று கத்திவிட்டேன்.

"பேரு வராம முன்னுக்குப் போனா கங்காணி ஏசுவாருல்ல. பழகிப்போச்சு லா."

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் வண்டி போன வழியில் மறுபடியும் மண் இறங்கிவிட்டது. வழி திறக்க இரண்டு நாளாயிற்று. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

பிஸ்கட் டின்னோடு பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அவரோ டின்னைத் திறக்க முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அழுவுற? நீ என்னா பண்ணுவ, லிஸ்ட்டுல பேரு இல்ல."

நாலு ஏச்சு ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பன்னிரண்டு மணி வண்டியிலேயே ஏற்றியிருந்தாலும் கால் தப்பியிருக்குமா தெரியாது என்றார் டாக்டர். அது எனக்கு ஆறுதலாக இல்லை, இப்போதும் இல்லை.

அந்த லைன் இப்போது கிடையாது. பெரட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கூரைக்கடியில் ஸ்ட்ராபெரி காய்க்கிறது. தோட்டத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் கொழுந்து வெட்டுகிறார்கள். கிராணி போய்விட்டார், சிலம்பாயி அம்மாவும் போய் வருஷமாகிறது. பெட்டி ஐம்பத்து மூன்று என்றபோது, எழுந்திருக்கும் முன் வழக்கம்போலக் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் கூப்பிட்டிருப்பேன். அவர் பேரை மட்டும் ஒரு தடவைகூட உரக்கக் கூப்பிடவில்லை.